குளிப்பாட்டத் தெரிந்த கைகள் காப்பாற்றத் தெரிய வேண்டாமா?

 

நம் ஊர்களில் 'ஜமாஅத் வண்டி' என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஜனாஸாதான். வெளியூர் மருத்துவமனையில் வஃபாத்தானவரை வீட்டுக்குக் கொண்டுவரும் வண்டி அது. பல ஜமாஅத்துகள் வண்டி வாங்கியதே அந்தத் தேவைக்காகத்தான். அது தெருவுக்குள் நுழைந்தால் பெண்கள் வாசலுக்கு வந்து, "யார் மவுத்தானது?" என்று கேட்பார்கள். "இல்லை உம்மா, உயிரோடிருப்பவரை ஏற்ற வந்திருக்கிறோம்" என்று நாங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாங்கள் என்பது இருவர். ஒருவர் பத்தாண்டுகளுக்கு மேலாக வண்டியோட்டுபவர். மற்றவர் அவசர மருத்துவ உதவிக்கான பயிற்சியை முடித்து, ஏழு மாதங்களுக்கு முன் இப்பணியில் சேர்ந்தவர். எழுதும் கை புதியவருடையது. ஆயினும் அந்த வண்டியில் நடந்த எதுவும் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. ஆகவே 'நாங்கள்' என்றே எழுதுகிறோம். எங்கள் ஊர் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியது. தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்ல ஒன்றரை மணி நேரம் ஆகும். நோயாளிகளின் பெயரையும் அடையாளத்தையும் தவிர்த்திருக்கிறோம்.

இந்த ஏழு மாதங்களில் நாங்கள் கற்றுக்கொண்டதை நம் குடும்பங்களின் முன் வைப்பது கடமை எனக் கருதுகிறோம். யாரையும் குறை கூறுவது எங்கள் நோக்கமன்று. எங்கள் வீடுகளும் இவ்வூரில்தான் இருக்கின்றன.

முதல் அழைப்பு

இஷாத் தொழுகை முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. "வாப்பாவுக்கு மூச்சு வரல, பள்ளிவாசல் பக்கத்துல வாங்க" என்று ஓர் இளைஞர் கதறினார். எங்கள் ஊரில் ஐந்து பள்ளிவாசல்கள் இருக்கின்றன. எந்தப் பள்ளிவாசல் என்று கேட்பதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. திரும்ப அழைத்து, வழி கேட்டு, தெருமுனையில் குறுக்கே நின்ற இருசக்கர வாகனங்களை அகற்றி, வீட்டை அடைந்தபோது ஒன்பது நிமிடங்கள் கடந்திருந்தன.

அறை நிறைய ஆட்கள். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர் பாயில் கிடத்தப்பட்டிருந்தார். முகம் கிப்லாவை நோக்கித் திருப்பப்பட்டிருந்தது. கண்கள் மூடப்பட்டிருந்தன. தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டப்பட்டிருந்தது. மூலையில் யாஸீன் ஓதத் தொடங்கியிருந்தார்கள். அழைத்த மகன் ஒருவரைத் தவிர, அந்த அறையில் இருந்த அனைவரும் நடந்ததை ஏற்றுக்கொண்டுவிட்டனர்.

நாடி இல்லை, மூச்சும் இல்லை. ஆனால் உடல் சூடாக இருந்தது. விழுந்து பன்னிரண்டு நிமிடங்கள் இருக்கலாம் என்றார்கள். தாடைத் துணியை அவிழ்த்து, அவரைக் கட்டாந்தரைக்கு மாற்றி, நெஞ்சின் நடுவே இரு கைகளையும் வைத்து அழுத்தத் தொடங்கினோம். பயிற்சிப் பொம்மையின் மீது நூறு முறை செய்ததுதான். எனினும், மனித நெஞ்சு அழுத்தத்துக்கு இணங்கும் விதம் வேறு. விலா எலும்பு நெகிழும் உணர்வு உள்ளங்கை வழியாகத் தோள் வரை ஏறியது. பின்னாலிருந்து ஒரு பெண்குரல், "மய்யித்தை வதைக்காதீங்க!" என்று அழுதது.

அந்தக் குரலை அடக்கியவர் ஒரு முதியவர். ஊரில் மய்யித்துகளைக் குளிப்பாட்டும் பெரியவர் அவர்; பக்கத்து வீட்டுக்காரர். தாடைத் துணியைக் கட்டியதும் அவர்தான். ஒரு சொல்லும் பேசாமல் எங்கள் அருகில் மண்டியிட்டு, நாங்கள் சொன்னபடி கைவிளக்கைப் பிடித்துக்கொண்டார். தானியங்கி மின்அதிர்வுக் கருவியைப் பொருத்தினோம். இதயத்தில் மின்அதிர்வால் சீராக்கக்கூடிய துடிப்பு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. அதிர்வு தேவையில்லை என்றே கருவி கூறியது. அழுத்திக்கொண்டே அரசு மருத்துவமனைக்குச் சென்றோம். அங்கே மருத்துவர் பார்த்துவிட்டு, உயிர் பிரிந்துவிட்டதென உறுதிசெய்தார்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அந்தப் பெரியவர் எங்களிடம் வந்தார். "தம்பி, நாப்பது வருஷமா மய்யித்தைக் குளிப்பாட்டுறேன். அவர் விழுந்த சத்தம் கேட்டு மொதல்ல ஓடுனவன் நான்தான். நீங்க செஞ்சதை அப்பவே நான் செஞ்சிருந்தா...?" என்று கேட்டு நிறுத்தினார்.

அவருக்கு அன்று நாங்கள் பதில் சொல்லவில்லை. வண்டிக்குத் திரும்பி, ஸ்ட்ரெச்சரைக் கழுவினோம். எங்களில் புதியவரின் கைகள் அப்போதும் நடுங்கிக்கொண்டிருந்தன. மூத்தவர் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, "அடுத்த அழைப்பு வரும். அதுக்குள்ள குடி" என்றார்.

அந்தப் பன்னிரண்டு நிமிடங்கள்

பெரியவரின் கேள்விக்கு நேர்மையான பதிலை இப்போது எழுதுகிறோம். உடனே செய்திருந்தால் அவர் நிச்சயம் பிழைத்திருப்பார் என்று நாங்கள் கூற மாட்டோம். வீட்டில் இதயம் நின்றுவிடுபவர்களில் பெரும்பாலோர், எல்லாம் சரியாக நடந்தாலும், திரும்புவதில்லை. ஆனால் வாய்ப்பு என ஒன்று இருந்தது. இதயம் நின்றபின் மூளை தாங்குவது சில நிமிடங்களே. நெஞ்சழுத்தம் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காடு குறைக்கிறது என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட கணக்கு. நாங்கள் எவ்வளவு விரைந்து வந்தாலும் அந்த முதல் நிமிடங்கள் எங்களுடையவை அல்ல, அவை வீட்டிலிருப்பவர்களுடையவை.

அந்த அறையில் குறைந்தது பதினைந்து ஆண்கள் இருந்தனர். முகத்தைக் கிப்லாவின் பக்கம் திருப்ப வேண்டும் என்பது அவர்கள் அனைவருக்கும் தெரியும். கஃபன் துணி எத்தனை என்பது தெரியும். ஜனாஸாத் தொழுகையில் எத்தனை தக்பீர் என்பது தெரியும். இவை அறியப்பட வேண்டியவையே; அறிந்திருப்பது நம் சமுதாயத்தின் சிறப்பு. மரணித்தவரை இத்தனை கண்ணியத்தோடு வழியனுப்பக் கற்ற ஒரு சமுதாயம், மரணத்தின் வாசலில் நிற்பவரைப் பத்து நிமிடங்கள் பிடித்து நிறுத்தக் கற்காமல் போனது ஏன்? எங்கள் கேள்வி இதுதான்.

மய்யித்தைக் குளிப்பாட்டுவது ஃபர்ளு கிஃபாயா. ஊரில் சிலர் செய்தால் அனைவர் மீதும் உள்ள கடமை நீங்கும். ஒருவரும் செய்யாவிட்டால் அனைவரும் குற்றவாளிகள். இந்தச் சட்டம் மதரஸாவில் ஓதும் சிறுவனுக்கும் தெரியும். மருத்துவமும் ஃபர்ளு கிஃபாயாவே என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் எழுதியிருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? மருத்துவம் கற்க ஆளில்லாத ஊர்களிலும் மக்கள் சட்ட விவாதக் கலையை நாடியே ஓடுவதை அவர் அங்கே கண்டிக்கிறார். அவர் மறைந்து 900 ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்தக் கண்டிப்பு நமக்குப் பொருந்தாது என்று நாம் சொல்ல முடியுமா?

யார் முடிவெடுப்பது?

இரண்டாவது பாடம் வேறு வகையானது. ஒரு நண்பகலில் ஐம்பது வயதுச் சகோதரி ஒருவரின் வீட்டுக்கு அழைக்கப்பட்டோம். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலக்கையைத் தூக்க முடியவில்லை. பேச முயன்றார், சொற்கள் குழறின. பக்கவாதம் என்பது பார்த்ததுமே விளங்கியது. "எப்போது தொடங்கியது?" என்று கேட்டோம். காலை ஏழு மணிக்கு என்றார்கள். நாங்கள் சென்றபோது மணி பன்னிரண்டரை.

மூளையின் ரத்தக் குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கியதிலிருந்து பொதுவாக 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கும் முன்னால் ஸ்கேன் எடுத்து, இது அடைப்பா, ரத்தக் கசிவா என்று அறிய வேண்டும். இந்தச் சகோதரிக்கு அந்த நேரம் வீட்டிலேயே கழிந்துவிட்டது.

ஐந்தரை மணி நேரம் என்ன செய்தார்கள்? சும்மா இருக்கவில்லை. கணவர் ஜித்தாவில்; அவருக்கு அழைத்தார்கள், வேலையில் இருந்ததால் எடுக்கவில்லை. மூத்த மகன் கோலாலம்பூரில். அவர் தம் மாமாவைக் கேட்கச் சொன்னார். மாமா வெளியூர் சென்றிருந்தார். எந்த மருத்துவமனை, எவ்வளவு செலவு, யார் உடன் செல்வது என்று தொலைபேசி கடல் தாண்டிச் சுற்றிக்கொண்டிருந்தது. இடையில் ஒருவர் தண்ணீர் ஓதிக் கொடுத்தார். விழுங்க முடியாமல் புரையேறியது. வீட்டில் மூன்று பெண்கள் இருந்தனர். மூவரும் விவரம் தெரிந்தவர்கள், ஒருவர் பட்டதாரி. ஆனால் 'நீயே முடிவெடு' என்று அவர்களிடம் யாரும் ஒருபோதும் சொல்லியிருக்கவில்லை.

பர்தாவால் தாமதம் ஏற்பட்டது என்று வெளியார் சொல்வார்கள். நாங்கள் நேரில் கண்டது அதுவன்று. அந்தச் சகோதரியின் தலையை மூடி, உடலைப் போர்த்தி ஸ்ட்ரெச்சரில் ஏற்ற எங்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தாமதத்துக்குக் காரணம், முடிவெடுக்கும் உரிமை வீட்டில் இல்லாமல் விமானம் ஏறிப் போயிருந்ததுதான். ஆண்கள் பொருளீட்டச் சென்ற ஊர்களில் வீட்டை நடத்துபவர்கள் பெண்களே. சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வங்கிக்கும் முடிவெடுக்கும் அவர்களுக்கு ஆம்புலன்ஸை அழைக்க அனுமதி தேவையா?

வெளிநாட்டிலிருந்து இதைப் படிக்கும் சகோதரர்களே! இன்றே வீட்டுக்கு அழைத்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: "ஆபத்து என்றால் என்னைக் கேட்காதே, முதலில் வண்டியைக் கூப்பிடு, பிறகு என்னைக் கூப்பிடு." நீங்கள் அனுப்பும் பணத்தைவிட அந்த வாக்கியம் ஒரு நாள் பெரிதாக இருக்கும்.

பாங்குக்கு முன் ஒரு தம்ளர்

ரமலானில் ஒரு மாலை. மஃரிபுக்கு ஏறத்தாழ நாற்பது நிமிடங்கள் இருந்தன. அறுபதைக் கடந்த தாயார் ஒருவர், பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்பவர். வியர்த்துக் கொட்டியது, கைகள் நடுங்கின, பேச்சு தடுமாறியது. நோன்புக் களைப்பு என்று எண்ணிப் படுக்க வைத்திருந்தார்கள். விரலில் குத்திப் பார்த்தோம். கருவி 41 எனக் காட்டியது. நோன்பிருக்கும் நோயாளிக்கு 70க்குக் கீழ் இறங்கினாலே நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் அறிவுரை.

அவருக்கு நினைவு இருந்தது, விழுங்கவும் முடிந்தது. ஆகவே சர்க்கரைத் தண்ணீர் கரைக்கச் சொன்னோம். மகள் தம்ளரை வாயருகே கொண்டு சென்றார். தாய் உதடுகளை இறுக மூடிக்கொண்டார். "பாங்கு சொல்லட்டும்" என்றார். மகள் அழுதார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நோன்பும் விடாதவர் அவர். அந்தப் பிடிவாதம் ஈமானின் பிடிவாதம். அதை எப்படி நாங்கள் இழித்துப் பேச முடியும்?

ஃபத்வா கொடுப்பது எங்கள் வேலையன்று. எங்களில் மூத்தவர் இமாமுக்குத் தொலைபேசியில் அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டுத் தாயின் காதருகே வைத்தார். இமாம், "உம்மா, குடிங்க. நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை தந்திருக்கான். களாவா, ஃபித்யாவாங்கறதை அப்புறம் பேசிக்கலாம். இப்ப குடிக்கிறதுதான் அமல்" என்றார். அந்தத் தாய் பிஸ்மில்லாஹ் சொல்லிக் குடித்தார். பதினைந்து நிமிடங்களில் மறுபடியும் விரலைக் குத்திப் பார்த்தோம், எண் ஏறியிருந்தது. பாங்கு ஒலித்தபோது அவர் எழுந்து அமர்ந்து, "நீங்க ரெண்டு பேரும் நோன்பு திறந்தீங்களா?" என்று எங்களைக் கேட்டார்.

அன்றிலிருந்து ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு அருகில் இமாமின் எண்ணை ஒட்டி வைத்திருக்கிறோம். அதுவும் ஓர் உயிர்காக்கும் கருவியே. ஆயினும் ஒவ்வொரு வீட்டிலும் அந்த நேரத்தில் தொலைபேசி வேலை செய்யும் என்பது உறுதியில்லை. ரமலானுக்கு முந்தைய ஜும்ஆக்களில் நம் ஆலிம்கள் இதைத் தெளிவாகப் பேச வேண்டும். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நீண்டகால நோயாளிகள் நோன்புக்கு முன்பே மருத்துவரைக் கண்டு, மாத்திரையின் அளவையும் நேரத்தையும் கேட்டறிய வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

வெறும் வண்டி திரும்பிய நாள்

துயரங்களை மட்டுமே எழுதினால் அது நன்றிகெட்ட செயல். ஒரு வலீமா விருந்தில் சிறுவன் ஒருவனுக்குத் தொண்டையில் இறைச்சித் துண்டு அடைத்துக்கொண்டது. அழைப்பு வந்ததும் விரைந்தோம். போய்ச் சேர்ந்தபோது அந்தப் பையன் நாற்காலியில் அமர்ந்து, சிவந்த கண்களோடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். பந்தி பரிமாறிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர் ஒருவர், அவனைக் குனிய வைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து முறை ஓங்கித் தட்டி, அது பலிக்காததால் பின்னாலிருந்து அணைத்துத் தொப்புளுக்கு மேலே ஐந்து முறை உள்ளும் மேலுமாக அழுத்தியிருக்கிறார். துண்டு வெளியே வந்து விழுந்துவிட்டது. கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் கற்றதாம். அதற்கு முன் அதை அவர் யாருக்கும் செய்ததில்லை.

வயிற்றை அழுத்தியதால் உள்ளே காயம் ஏதும் உண்டா என்று ஒருமுறை மருத்துவரிடம் காட்டும்படி சொல்லிவிட்டு, நாங்கள் வெறும் வண்டியோடு திரும்பினோம். எங்கள் மனம் நிறைந்து திரும்பிய நாள் அதுதான். எங்களைவிட முன்னதாக ஒரு கை அங்கே இருந்தது.

நமக்குள் எழும் எதிர்ப்புகள்

இதைப் பேசும்போதெல்லாம் மூன்று பதில்கள் வருகின்றன.

முதலாவது: 'அஜல் வந்துவிட்டால் யாரால் தடுக்க முடியும்?' உண்மை. ஒருவராலும் முடியாது. ஆனால் அஜல் எப்போது என்பது நமக்கு அறிவிக்கப்படவில்லை. தவக்குல் என்பது ஒட்டகத்தைக் கட்டிய பிறகுதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் நாம். இரவில் கதவைப் பூட்டுகிறோம். பிள்ளைக்குத் தடுப்பூசி போடுகிறோம். நெஞ்சை அழுத்தும்போது மட்டும் அது விதியோடு மோதுவதாக எப்படி ஆகும்? முயற்சியும் விதியின் ஒரு பகுதியே. முயன்ற பிறகு வரும் முடிவைப் பொருந்திக்கொள்வதுதான் ஸப்ரு.

இரண்டாவது: '108 இருக்கிறதே!' இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட அந்தச் சேவை, கட்டணம் எதுவுமின்றி எண்ணற்ற உயிர்களைச் சுமந்திருக்கிறது. எங்கள் வண்டி வேறிடத்தில் இருக்கும்போது நாங்களே 108ஐ அழைக்கச் சொல்கிறோம். ஆனால் எந்த வண்டியும் சாலையில்தான் வர வேண்டும். அது வந்து சேரும் வரைக்குமான நிமிடங்களைப் பற்றியே நாங்கள் பேசுகிறோம்.

மூன்றாவது: 'தொட்டால் வழக்கு வரும்.' இந்த அச்சத்தைச் சாலை விபத்துகளில் அதிகம் பார்க்கிறோம். கடற்கரைச் சாலையில் ஓர் இளைஞர் பைக்கோடு விழுந்து கிடந்தார். சுற்றிலும் முப்பது பேர் நின்றனர். அவர்களில் பலர் கைபேசியில் படம் பிடித்தனர். ஒருவர்கூட ரத்தம் பீறிட்ட காலில் துணியை வைத்து அழுத்தவில்லை. சட்டம் தெளிவாக இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் மாதத்திலேயே உதவுபவர்களைக் காக்கும் நெறிமுறைகளை உறுதிசெய்தது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது உரிமையியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ கூடாது என்கிறது. தம் பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. செலவைப் பற்றியும் அஞ்ச வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைப் பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில், வரையறுத்த தொகை வரை, அரசே ஏற்கிறது.

சட்டம் அனுமதித்த பிறகும் நாம் வேடிக்கை பார்த்து நின்றால், அதற்கு வேறெங்கோ பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பள்ளிவாசலில் ஒரு கூடாரம்

பள்ளிவாசலில் இதற்கெல்லாம் இடமுண்டா என்று கேட்பவர்களுக்கு வரலாறு பதில் வைத்திருக்கிறது. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு, அகழ்ப் போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் அம்பு தைத்துக் காயமுற்றார்கள். அவர்களுக்காக மஸ்ஜிதுந் நபவியிலேயே கூடாரம் அமைக்கப்பட்டது. அங்கே காயம்பட்டோருக்குச் சிகிச்சையளித்தவர் ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி என வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்திருக்கின்றனர். பள்ளிவாசலின் எல்லைக்குள், ஒரு பெண்ணின் பொறுப்பில், முதலுதவிக் கூடாரம்! நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை. நாம் இழந்துவிட்ட ஒன்றைத்தான் திரும்பக் கேட்கிறோம்.

ஜமாஅத்துகளின் முன் எங்கள் கோரிக்கைகள் சிறியவை.

ஒன்று: மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, ஜும்ஆவுக்குப் பின் இரண்டு மணி நேரம் முதலுதவிப் பயிற்சி நடத்துங்கள். இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் போன்ற அமைப்புகள் பயிற்சியளிக்கின்றன. நெஞ்சழுத்தம் கற்க மருத்துவப் படிப்பு வேண்டாம். நெஞ்சின் நடுவில், குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. வாயோடு வாய் வைத்து ஊதத் தயங்குபவர்கள் நெஞ்சை மட்டும் விடாமல் அழுத்தினாலும் பயனுண்டு.

இரண்டு: தெருவுக்குப் பத்துப் பேர் கற்கட்டும்; அவர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். உயிராபத்தில் ஓர் ஆண் பெண்ணைத் தொட்டுக் காப்பாற்றுவதை மார்க்கம் தடுக்கவில்லை என்பதை ஆலிம்கள் விளக்கட்டும். கற்ற பெண்கள் தெருவிலேயே இருந்துவிட்டால் அந்தத் தயக்கத்துக்கும் இடமிராது.

மூன்று: வீட்டில் நோயாளி இருந்தால், உண்ணும் மாத்திரைகளின் பெயர், ஒவ்வாமை, பார்க்கும் மருத்துவர் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். வண்டியை அழைக்கும்போது பள்ளிவாசலின் பெயரையும் தெருவின் பெயரையும் சொல்லுங்கள். தெருமுனைக்கு ஒரு பையனைக் கைவிளக்கோடு அனுப்புங்கள். இதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை. நாங்கள் இழக்கும் நிமிடங்களில் பல இதிலேயே மிஞ்சும்.

நான்கு: இருபத்து நான்கு மணி நேரமும் ஸ்கேன் எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைகள் எவை என்று விசாரித்து, அந்தப் பட்டியலைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். நள்ளிரவில் எங்கே செல்வது என்று விவாதிக்கும் வேலை மிச்சமாகும்.

இறுதியாக ஒன்று. எங்கள் ஊரில் சென்ற மாதம் முதல் வகுப்பு நடந்தது. நாற்பது பேருக்கு அழைப்பு விடுத்தோம். பதினொரு பேர் வந்தனர். அவர்களில் முதலில் வந்து அமர்ந்தவர், அன்றிரவு கைவிளக்கைப் பிடித்த அந்தப் பெரியவர். அவருக்கு வயது அறுபத்தெட்டு. பொம்மையின் முன் மண்டியிட்டு, கைகளை எங்கே வைப்பது என்று இருமுறை கேட்டுக்கொண்டு, அழுத்தத் தொடங்கினார். முப்பது எண்ணுவதற்குள் மூச்சு வாங்கியது. ஓய்வெடுக்கச் சொன்னோம். "இருங்க தம்பி, இன்னொரு தடவை" என்றார்.

நாற்பதாண்டுகள் மய்யித்துகளைக் குளிப்பாட்டிய கைகள் அவை. அவற்றுக்கு அல்லாஹ் ஓர் உயிரைக் காக்கும் பாக்கியத்தையும் நல்குவானாக! வராமல் போன இருபத்தொன்பது பேரையும் அடுத்த வகுப்புக்கு அழைத்து வருவானாக! நம் வீடுகளில் எந்த வண்டியும் தாமதமாக வந்தது என்று சொல்லும் நிலை நேராதவாறு, நம் கைகளுக்கு அறிவையும் ஆற்றலையும் தந்தருள்வானாக! ஆமீன்.